இன்றைக்குக் காலையில்தான்

நோய் உடம்பில் இருக்கிறது என்று மருத்துவ உலகம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம்பி வந்திருக்கிறது. நாடி பிடித்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்கள், கடைசியில் ஆளையே படுக்கவைத்து ஒரு பெரிய இயந்திரத்துக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். எல்லாம் வீண் அலைச்சல். நோய் இருப்பது அறுபத்து நான்கு பக்கமுள்ள ஒரு சிறு புத்தகத்தில். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி குணமான மாதிரி. இந்த மகத்தான உண்மையைக் கண்டறிந்து, பிழைக்க வந்த தேசத்தில் தன்னோடு பிழைக்க வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக வழங்கிய பெருமை பாலிசி அண்ணனையே சேரும்.

பாலிசி அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது அவருடைய பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. லாரி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் அவர் ஸ்டோர்கீப்பர். எந்த நட்டு எந்தத் தட்டில் எத்தனை கிடக்கிறது என்று விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாலும் சொல்வார். கம்பெனி ஆளுக்கொரு மருத்துவக் காப்பீட்டு அட்டையும் புத்தகமும் கொடுத்தபோது, மற்றவர்கள் அட்டையைப் பர்ஸில் செருகிக்கொண்டு, புத்தகத்தை ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்தார்கள். அவர் ஒருவர்தான் அதைப் படித்தார். மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை அடிக்குறிப்புகளையும் விடவில்லை. எழுதியவர்களே அவற்றைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

அவர்கள் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடம். லிஃப்டில் இரண்டு பேர் ஏறலாம். மூன்றாவது ஆள் ஏறினால் அது கோபித்துக்கொண்டு நின்றுவிடும். விடுமுறை நாள் காலை பத்து மணிக்கு, இரண்டாவது மாடியில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் 'ஆலோசனை நேரம்' தொடங்கும். வந்தவரைப் பார்த்து, "என்ன செய்யுது?" என்று கேட்கிற சாதாரண டாக்டர் புத்தி அவரிடம் கிடையாது. "கார்டு எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. அட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆளின் முகத்தைப் பார்ப்பார். நீல அட்டைக்குப் பல்வலி வரக்கூடாது. வெள்ளி அட்டைக்கு வரலாம், ஆனால் பல்லைப் பிடுங்கும் அளவுக்குத்தான் வரவேண்டும். அடைத்துக் காப்பாற்றும் அளவோடு நின்றுவிடக் கூடாது. தங்க அட்டைக்காரர்களுக்கு எது வேண்டுமானாலும் வரலாம். அந்தக் கட்டடத்தில் தங்க அட்டைக்காரர் யாரும் இல்லாததால் அதைப் பற்றி விவாதிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அவருடைய ஆராய்ச்சியின் சிகரம் ஒரே ஒரு வாக்கியம். புத்தகத்துக்குப் பழைய நோய் என்றால் ஆகவே ஆகாது. புது நோய் என்றால் வாரி அணைத்துக்கொள்ளும். ஆகவே டாக்டர் எந்த நோயைப் பற்றிக் கேட்டாலும், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் மட்டும் பதில் ஒன்றுதான். வருகிறவர்கள் அந்தப் பதிலை மனப்பாடம் செய்யாமல் அவர் வெளியே விடமாட்டார். மூன்றாவது மாடி டிரைவர் மூட்டுவலியோடு வந்தபோது ஒத்திகை கொஞ்சம் நீண்டது.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் குரலில் கேட்டார் அண்ணன்.

"அது ஆச்சுண்ணே, ஆறு வருஷம். முதல்ல இந்தக் கால்லதான்..."

"தப்பு."

"போன வாரம்?"

"தப்பு."

டிரைவர் கூரையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "இன்னைக்குக் காலைலதான் டாக்டர்" என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது. ஆனால் டிரைவருக்கு மனசாட்சி உறுத்தியது. "அப்ப நேத்து நான் படியில நொண்டிக்கிட்டு ஏறினதை ஊரே பார்த்துச்சேண்ணே, அது என்ன?"

"நேத்து நொண்டினது உன் நடை. இன்னைக்கு நொண்டுறதுதான் நோய்" என்று தீர்ப்பு வழங்கினார் அண்ணன். மருத்துவமனையில் படம் எடுத்து, ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து அண்ணன் காலில் விழாத குறைதான். விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் விழவில்லை.

இப்படியாக அந்த வட்டார மருத்துவமனையின் பதிவேடுகளின்படி, அந்த நாலு மாடிக் கட்டடத்து மக்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூலம், முதுகுவலி எதுவானாலும் முந்தின நாள் வரைக்கும் இருந்ததில்லை. ராத்திரி எல்லாரும் தேக்குமரமாகப் படுத்து, விடியும்போது நோயோடு எழுந்தார்கள். இதை யாரும் ஆராய்ச்சி செய்யாமல் விட்டது அறிவியலுக்கு நஷ்டம்.

இத்தகைய மேதைக்கு வாய்த்த மனைவி புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காதவள். அண்ணன் வந்து ஏழு ஆண்டு கழித்து, குடும்ப விசா கிடைத்து, அவளை அழைத்துக்கொண்டார். அவளுக்கும் ஒரு நீல அட்டை வந்தது. அதில் அவருக்கு நேரே 'உறுப்பினர்' என்றும் அவளுக்கு நேரே 'சார்ந்திருப்பவர்' என்றும் அச்சிட்டிருந்தது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அவருக்குச் சோறு கட்டுவதும், சட்டைக் காலரைத் தேய்த்துத் துவைப்பதும், ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டீ போடுவதும், அவர்கள் போனபின் மேஜையைத் துடைப்பதும் அவள்தான். ஆனாலும் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதை அட்டையைப் பார்த்துத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் வந்த நாலாவது மாதம் ஒருநாள், சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "என்னங்க, கொஞ்ச நாளா சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல இந்த வலது பக்கம் பிடிச்சு இழுக்குது. முதுகு வரைக்கும் போகுது."

அண்ணன் போலீஸ்காரர் மாதிரி கையை உயர்த்தினார். "நிறுத்து. மேல சொல்லாதே."

பிறகு நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்து, அவளை எதிரே உட்காரவைத்து, வரிக்கு வரி விளக்கினார். சார்ந்திருப்பவருக்கு முதல் ஓராண்டு 'காத்திருப்புக் காலம்'. அந்த ஓராண்டுக்குள் 'உறுப்பினர் அறியவந்த' எந்த நோய்க்கும் திட்டம் பொறுப்பேற்காது. அப்போது மட்டுமல்ல, எப்போதுமே ஏற்காது. சார்ந்திருப்பவருக்குத் தெரிந்தால் பரவாயில்லை. அவளுக்குத் தெரிவதைப் பற்றிப் புத்தகத்துக்கு அக்கறை இல்லை. உறுப்பினருக்குத் தெரிந்தால்தான் ஆபத்து.

"அதனால நீ என்கிட்ட எதுவும் சொல்லலை. நானும் கேக்கலை. எனக்குத் தெரிஞ்சா உனக்குத்தான் நஷ்டம். எட்டே எட்டு மாசம், பல்லைக் கடிச்சுக்கோ" என்றார்.

நான் வேண்டுமானால் ஊருக்குப் போய்க் காட்டிவிட்டு வரட்டுமா என்று அவள் கேட்டாள். அதற்கும் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் பதில் இருந்தது. சார்ந்திருப்பவர் ஒரு வாரத்துக்கு மேல் வெளியே போய்வந்தால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். புத்தகம் எதையும் யோசிக்காமல் விடவில்லை என்று அண்ணன் வியந்தார். அவள் மிச்சத் தட்டுகளைக் கழுவப் போனாள்.

மனைவியின் நலனுக்காக ஒரு கணவன் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு அடுத்த எட்டு மாதங்கள் சான்று. அவள், "என்னங்க, இங்க..." என்று விலாவில் கை வைத்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அடுப்படியில் அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பது கண்ணில் பட்டால், கண்ணில் படாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் படுத்தவள் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, தெரியாமல் இருப்பார். தெரியாமல் இருப்பது எளிதல்ல. அதற்குத் தினமும் பாடுபட வேண்டியிருந்தது. நாளாக ஆக அவருக்கு அது கைவந்துவிட்டது. பிற்பாடு முயற்சி செய்யாமலே தெரியவில்லை.

அவள் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள், பிறகு அதிலும் பாதி. வயிறு காலியாக இருந்தால் வலி வருவதில்லை என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "வந்தப்ப இருந்ததுக்கு இப்ப நல்லா இளைச்சு, சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டே" என்று அண்ணன் மனமாரப் பாராட்டினார். அவள் வாயில் துணிக் கிளிப்பைக் கவ்விக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

ஓராண்டு முடிந்தது. மறுநாள் காலை அண்ணன் அரைநாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, பெண் பார்க்கப் போகிறவர் போலப் புறப்பட்டார். வழி நெடுக அவளுக்கு ஒத்திகை நடந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "தெரியும், எத்தனை பேருக்கு நான் டீ கொண்டுவந்து வச்சிருக்கேன்" என்றாள்.

அந்த மருத்துவமனையில் தமிழ் பேசுகிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். டோக்கன் எண் வந்து, உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் அண்ணனைப் பார்த்தாள். எட்டு மாதத் தவத்தின் பலன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதை அவள் வாயை நம்பி விட அவருக்கு மனமில்லை. அவரே சொன்னார். "இன்னைக்குக் காலைலதான் டாக்டர்."

"காலைல என்ன சாப்பிட்டாங்க?"

அண்ணன் விழித்தார். இதற்கு ஒத்திகை நடக்கவில்லை. "ரெண்டு தோசை" என்றார் குத்துமதிப்பாக. அவள் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

டாக்டரம்மா வயிற்றை லேசாக அமுக்கிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள். அதில் அவளுக்கு எட்டு மாதப் பயிற்சி இருந்தது. காலையில் வந்த வலி என்றால் வாய்வாகத்தான் இருக்கும், இரண்டு நாள் மாத்திரை போடுங்கள், காரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் பதறிப்போய், ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே என்றார்.

"காலைல வந்த வலிக்கு நான் ஸ்கேன் எழுதினா இன்சூரன்ஸ்ல ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றார் டாக்டரம்மா.

அண்ணனால் மறுத்துப் பேச முடியவில்லை. அது முப்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், மனம் தளராமல் மறுமுறை என்ன சொல்ல வேண்டும் என்று வகுத்துக்கொண்டார். அடுத்த தடவை 'இரண்டு நாளாக' என்று சொல்லலாம்; அதற்கடுத்த தடவை 'ஒரு வாரமாக'. படிப்படியாகப் போனால் ஒன்றரை மாதத்தில் ஸ்கேனை எட்டிவிடலாம். அவளிடமும் அதைச் சொன்னார். அவள் படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, சரி என்றாள்.

ஆனால் வியாதிக்குத்தான் படிக்கத் தெரியாதே. மறுநாள் காலை அண்ணன் குளித்துவிட்டு வந்தபோது, அவள் அடுப்படித் தரையில் சுருண்டு கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பல் கிட்டி நடுங்கியது. அவர் கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்து பார்த்தாள், பேசவில்லை. டிரைவரின் வேனில் பின் சீட்டில் கிடத்திக்கொண்டு போனார்கள். அண்ணன் அவள் தலையை மடியில் வைத்திருந்தார். அட்டையை எடுத்துக்கொண்டாரா என்று டிரைவர் கேட்டபோது, எடுக்கவில்லை என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவசரப் பிரிவில் அதே டாக்டரம்மா இருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். அண்ணன் வாய், அவரைக் கேட்காமலே, "நேத்துக் காலைலேருந்து" என்றது.

"சார், நீங்க இன்சூரன்ஸ்காரங்ககிட்டப் பொய் சொன்னா, அவங்க பணம் தராம விடுவாங்க, அவ்வளவுதான். என்கிட்டப் பொய் சொன்னா நான் தப்பா வைத்தியம் பார்ப்பேன். நேத்து பார்த்த மாதிரி."

தள்ளுபடுக்கையில் கிடந்தவள்தான் பதில் சொன்னாள். "எட்டு மாசம்." டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். அண்ணன் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். சீழ் பிடித்து உடைகிற நிலையில் இருக்கிறது, மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறோம், மத்தியானத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்றார்கள். இன்சூரன்ஸ் 'முன்அனுமதி' கொடுத்தால் இங்கேயே செய்யலாம். இல்லையென்றால் ஊரின் மறுகோடியிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அங்கே வரிசை எப்படி இருக்கும் என்று தெரியாது. அனுமதி கேட்டு அனுப்பியிருக்கிறோம், உறுப்பினரிடம் பேசுவார்களாம், காத்திருங்கள் என்றார்கள்.

காத்திருந்தபோது நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். பேஷண்டால் அதிகம் பேச முடியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றார். கடைசியாக எப்போது வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்? அண்ணனுக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது? தெரியவில்லை. வாந்தி எடுப்பதுண்டா? தெரியவில்லை. அறுபத்து நான்கு பக்கமும் அடிக்குறிப்போடு சொல்லத் தெரிந்த மனிதர், அந்த ஒரு பக்கப் படிவத்தில் ஒன்றும் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கம்ப்யூட்டரில் பழைய பதிவைப் பார்த்துவிட்டு, "கார்டு போடுறப்ப ஐம்பத்தொன்பது கிலோ இருந்திருக்காங்க. இன்னைக்கு நாற்பத்தேழு. நீங்க கவனிக்கலையா?" என்றார். குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

பன்னிரண்டு கிலோ. கிடங்கில் ஒரு வாஷர் குறைந்தால் ராத்திரித் தூக்கம் வராத மனிதர் அவர். சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டே என்று தான் சொன்னது காதில் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த ராத்திரிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவளுக்கு வலிக்கிறது என்று, புத்தகத்தில் அல்ல, அவளுக்கு, இந்த உடம்பில், வலிக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். நர்ஸ் படிவத்தை வாங்கிக்கொண்டு, 'கவனிக்கவில்லை' என்று எழுதினார்.

பத்தரை மணிக்குப் போன் வந்தது. ஒரு பதிவுக் குரல் தமிழுக்கு ஏழாம் எண்ணை அழுத்தச் சொன்னது. சேவைத் தரத்தை உயர்த்துவதற்காக உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றது. பிறகு ஓர் அதிகாரி அம்மாள், தேன் ஒழுகும் குரலில், உங்கள் துணைவியார் விரைவில் நலம்பெற நிறுவனத்தின் சார்பில் வாழ்த்துகிறோம் என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"சார், டாக்டர் நோட்ல எட்டு மாசம்னு இருக்கு. அது சார்ந்திருப்பவர் சொன்னது, அதை நாங்க கணக்குல எடுக்கிறதில்லை. உறுப்பினருக்கு எப்ப தெரியும்கிறதுதான் கேள்வி. உங்க மனைவிக்கு வலி இருக்குங்கிறது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

நாற்பத்தோராம் பக்கம். சரியான பதில் அண்ணனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்த பதில். ஆனால் அன்றைக்கு அது வெளியே வர மறுத்தது. தள்ளுபடுக்கை பக்கத்திலேயே இருந்தது. அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் முன்பே என்று சொன்னால், அவளை இங்கிருந்து தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இன்னைக்குக் காலைலதாங்க" என்றார். குரல் உடைந்தது.

"ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? இதுக்கு முன்னாடி அவங்களுக்கு வலி இருக்குன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுங்க."

நேற்று வாய்வுக்குப் பார்த்திருக்கிறார்களே என்று அதிகாரி கேட்டார். நேற்று காத்திருப்புக் காலம் முடிந்திருந்ததால் அதைப் பற்றி நிறுவனத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. உறுப்பினரின் கூற்றைச் சார்ந்திருப்பவரும் உறுதிசெய்ய வேண்டும், அது விதிமுறை, ஸ்பீக்கரில் போடுங்கள் என்றார். அண்ணன் போனை அவள் முகத்தருகே நீட்டிப் பிடித்தார்.

"மேடம், உங்களுக்கு வலி இருக்குங்கிறது இன்னைக்குக் காலைலதான் தனக்குத் தெரியும்னு உங்க கணவர் சொல்றார். இது உண்மைதானா?"

அவள் போனைப் பார்க்கவில்லை. அழுது வீங்கிய அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சத்தியமா உண்மைங்க" என்றாள். "இவருக்கு இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சுது."

அனுமதி உடனே வந்தது. அந்த நாலு மாடிக் கட்டடத்திலிருந்து, ஒரு சொல்கூடப் பொய் கலக்காமல் அனுமதி பெற்ற முதல் விண்ணப்பம் அதுதான்.